ஆவுடையம்மாளின் சாட்சியம்

பெட்டியில் முப்பது என்று சிவப்பில் எரிந்துகொண்டிருந்த நிமிட எண் இருபத்தொன்பதாயிற்று. கோமதிநாயகம் வெறுங்கால்கள் இரண்டையும் உலோகத் தகடுகளின்மேல் பொருத்தி, வேட்டியை முழங்காலுக்குக் கீழே ஒதுக்கி, நாற்காலியின் முதுகில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். தகட்டிலிருந்து உள்ளங்காலுக்கு ஏறிய மின்சாரம் எறும்பு ஊர்வதுபோலக் குறுகுறுத்தது, நின்றது, மறுபடி குறுகுறுத்தது. இரண்டு விநாடி துடிப்பு, ஒரு விநாடி ஓய்வு. முப்பத்தாறு ஆண்டுகள் மின்வாரியத்தில் உழைத்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவருக்கு அதை எண்ணாமல் இருக்க முடியவில்லை. பாத்திரக்கடையின் மாடியிலிருந்த அந்தக் கூடத்தில் நான்கு வரிசையாக நாற்பது நாற்காலிகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெட்டி, பெட்டியின்மேல் இரண்டு தகடுகள், தகடுகளின்மேல் கோவில்பட்டியின் பாதங்கள்: வெடித்த குதிகால்கள், மருதாணி அழியாத விரல்கள், தீப்பெட்டி ஆலையில் நின்று நின்றே பருத்துப்போன கணுக்கால்கள். அரை மணி நேரம் உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கும், மூட்டு இளகும், செத்த நரம்பு உயிர்க்கும் என்று சுவரில் எழுதியிருந்தது. நேரம் முடிந்ததும் மைக் கைமாறும். குணம் கண்டவர்கள் எழுந்து பெயரும் ஊரும் சொல்லிச் சாட்சியம் கூறுவார்கள். ஒவ்வொரு சாட்சியத்துக்கும் எல்லாரும் பத்து முறை கைதட்ட வேண்டும். தட்டினால் இரத்தம் ஓடுமாம். இன்றைக்கு முதல் சாட்சியம் அவருடையது. முன்னாலிருந்த மேசையில் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பென்டிரைவ் கிடந்தது. நீல நிறம், கட்டைவிரலில் பாதி நீளம். அதற்குள் அவர் மனைவி ஆவுடை இருந்தாள்.

“நாலே நாலு வார்த்தைப்பா,” என்று நிர்மலா நேற்றுச் சொல்லியிருந்தாள். மையத்தை நடத்துகிறவள் அவள்தான். கூடத்துக்கு வருகிற எல்லாரும் அவளுக்கு அப்பா, இல்லையென்றால் அம்மா. தன் சொந்தத் தகப்பனையே தினமும் முதல் வரிசையில் உட்கார வைத்திருப்பவளைக் கபடக்காரி என்று நினைக்க அவரால் முடியவில்லை. முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். “அம்மா கடைசி வரைக்கும் வலின்னு ஒரு வார்த்தை சொல்லலைன்னு நீங்கதானப்பா சொன்னீங்க? அதையே சொல்லுங்க. பொய்யா சொல்லச் சொல்றேன்? நீங்க சொன்னா ஊரே கேக்கும். ஹெட் ஆபீஸ்ல நான் பேசி, அம்மா வீடியோவைப் பென்டிரைவ்ல போட்டு உங்களுக்கே தந்துடுறேன்.” பொய்யில்லைதான். ஆவுடை வலி என்று சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த பிறகும் சொல்லவில்லை. பதினோராம் நாள் காலையில் மூச்சு அடங்குகிறவரையிலும் சொல்லவில்லை. அவர் பெங்களூரிலிருக்கும் மகளிடம், உன் அம்மா குரல் உன் போனில் எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை. மகளின் கல்யாண வீடியோவில் பூஞ்சை படர்ந்துவிட்டது; படராவிட்டாலும் அதில் நாகஸ்வரந்தான் இருந்தது, மணப்பெண்ணின் தாய் பேசவில்லை. நாற்பத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் பேசிக்கொண்டிருந்தவளின் குரலை எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுடைய சாட்சியத்தைப் படமெடுத்த இந்த மிஷின் கம்பெனிக்காரனைத் தவிர. தினமும் எண் பன்னிரண்டுக்கு இறங்கும்போது சுவரிலிருந்த டி.வி.யில் அவள் வருவாள். ஐம்பத்து மூன்று நாளாக, இழவுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் போன மறுநாளிலிருந்து, அவர் இந்தப் படியேறுவது அதற்காகத்தான். காலுக்காக அல்ல. அவர் காலில் ஒரு குறையும் இல்லை. பெட்டியில் இருபத்தாறு.

“அண்ணாச்சி, மிஷினு ஓடுதா?” பக்கத்து நாற்காலியில் புதிதாக வந்திருந்தவள் கேட்டாள். ஐம்பது வயதிருக்கும். வலது காலின் சுண்டுவிரலிலிருந்து பாதி பாதம் வரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. கட்டோடேயே காலைத் தகட்டின்மேல் வைத்திருந்தாள். பெயர் செண்பகவல்லி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இட்லிக் கடை என்று உட்கார்ந்தவுடனேயே சொல்லியிருந்தாள். “ஓடுது,” என்றார். “உங்களுக்குத் தெரியுதா?” “தெரியுது.” “எனக்கு ஒண்ணுமே தெரியலையே. முப்பது வருசமா நின்னே இட்லி அவிச்ச காலு. இப்ப உக்காத்திவச்சுக் காலையே அவிக்காக, அதுவும் தெரியலங்குது.” அவளே சிரித்துக்கொண்டாள். பின்வரிசையில் ரேஷன் கடையிலிருந்து ஓய்வு பெற்ற சுடலைமணி தன் பக்கத்து ஆளைச் சீண்டிக்கொண்டிருந்தார். “என்னவே, இன்னும் இருபதுலயா கிடக்கீரு? நான் நாப்பதுக்கு வந்தாச்சு.” “நாப்பதுல வச்சும் மூஞ்சி இப்படித்தான இருக்கு, ஐம்பதுல வச்சா என்ன ஆகுமோ.” பெட்டியின் பக்கவாட்டில் ஒரு திருகு; ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்கள். உறைக்காதவர்களுக்குக் கூட்டி வைப்பார்கள். கூடக்கூட, உடம்பு சக்தியை வாங்கிக்கொள்கிறது என்று பொருள். ஆவுடை நாற்பத்தைந்தில் இருந்தாள். “எனக்கு நாப்பத்தஞ்சு வைங்க,” என்று கூடத்துக்கே கேட்கும்படி சொல்லுவாள். பாட்டுப் போட்டியிலும் ஓட்டப் பந்தயத்திலும் ஒருநாளும் பரிசு வாங்கியறியாதவள். நாற்பத்தைந்து வைத்தால் கோமதிநாயகத்துக்குக் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். அவளுக்கு ஏன் இழுக்கவில்லை என்று அவர் ஒருநாள் யோசித்தார், யோசிக்காமலில்லை. யோசித்து, காரணமும் கண்டுபிடித்தார். “உன் தோலு தடிச்சிருக்கு, ஆவுடை. ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி. கரண்ட்டு ஏறுறதுக்கு அழுத்தம் கூட வேணும், அவ்வளவுதான்.” உடைந்த இன்சுலேட்டரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். அவள் அதைத் தெருவில் நாலு பேரிடம் சொன்னாள்: எனக்கு ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தியாம், அவுக சொன்னாக.

அவுக சொன்னாக. அந்த ஊரில் அவர் சொன்னதற்கு ஒரு மதிப்பு இருந்தது. கம்பத்தில் ஏறுகிறவன் கண்ணால் பார்த்து ஏறுவதில்லை. கம்பியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒருவன் லைனைத் துண்டித்து, பூட்டி, எர்த் போட்டு, இனித் தொடலாம் என்று சொல்ல வேண்டும். அதற்கு லைன் கிளியர் என்று பெயர். அந்தச் சொல்லை நம்பித்தான் மேலே கை நீளும். முப்பத்தாறு வருடத்தில் அவர் கொடுத்த லைன் கிளியர் ஒன்றுகூடத் தவறியதில்லை. கயத்தாற்றுப் பக்கம் ஒருமுறை மழை இறங்குகிறது, ஊரே இருட்டில் கிடக்கிறது, பஞ்சாயத்துத் தலைவர் நின்று சத்தம் போடுகிறார்; “ஐயா சொல்லட்டும், அப்பத்தான் ஏறுவேன்” என்று லைன்மேன் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர் இரண்டு ஃபர்லாங் நடந்து போய் ஸ்விட்சைத் தாமே பார்த்து, நடந்து திரும்பி வந்து, பிறகுதான் சொன்னார். அப்படிப்பட்டவர் ஆவுடையோடு இந்தக் கூடத்துக்கு வந்த மூன்றாம் நாள், சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துத் தகட்டின்மேல் வைத்தார். யாரும் வைக்கச் சொல்லவில்லை. நாற்பது பேர் கழுத்தை நீட்டினார்கள். டெஸ்டரின் வயிற்றுக்குள் விளக்கு மங்கலாக எரிந்தது. “கரண்ட்டு வருது. நிசமான மிஷினுதான்,” என்றார். பத்து முறை கைதட்டினார்கள். அவருக்காக இன்னும் பத்து முறை. எர்த் சரியில்லாத எந்த ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அந்த டெஸ்டர் அப்படித்தான் எரியும் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும். மின்சாரம் வருகிறது என்பதற்கும் நோய் போகிறது என்பதற்கும் நடுவில் எத்தனை ஃபர்லாங் என்பதும் தெரியும். கைதட்டல் ஓய்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். ஓய்ந்தது. அவர் சொல்லவில்லை. ஆவுடை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திருவிழாவில் யானைமேல் போகிறவரைப் பார்ப்பதுபோல. நடந்து போய்ப் பார்க்காமல் அவர் கொடுத்த ஒரே லைன் கிளியர் அதுதான். அதில் ஏறியவளும் அவள்தான். பத்தொன்பது. வலது தகட்டில் துடிப்பு சற்றே தாமதமாக வருகிறது; உள்ளே ஏதோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்க வேண்டும்; இதையெல்லாம் கவனிக்கத் தெரிகிறது.

பத்து வருடமாக அவளுடைய பாதம் எரிந்தது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டுதான் படுப்பாள். அவர் அதட்டியிருக்கிறார்: மெத்தையெல்லாம் ஈரம். பிறகு, இங்கே வர ஆரம்பித்த நாற்பது நாளில், எரிச்சல் நின்றது. எரிச்சல் நின்றால் குணம் என்றுதானே நினைப்பார்கள்? ஃபியூஸ் போன வீட்டில் விளக்கு சுடுவதில்லை என்று மின்வாரியத்துக்காரனுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் டாக்டர் அவளுடைய உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்று கேட்டாள். “வலி இல்லையே டாக்டர்,” என்றார் அவர். “அதைத்தான் சார் கேக்குறேன். எத்தனை நாளா வலி இல்லை?” அந்தக் கேள்விக்கு அவரிடம் விடை இருந்தது, தேதியோடு இருந்தது, அது வீடியோவாகவே இருந்தது. அதற்கு முன்பு, புளி ஆய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை, முற்றத்தில் கழற்றிப் போட்ட செருப்புக்குள் ஒரு புளியங்கொட்டை விழுந்திருக்கிறது. அதோடேயே அவள் செண்பகவல்லியம்மன் கோயிலுக்கு நடந்து போய், மூன்று சுற்றுச் சுற்றி, காய்கறி வாங்கிக்கொண்டு நடந்து திரும்பி வந்தாள். வாசலில் செருப்பைத் தட்டியபோது கொட்டை உருண்டது. “ஏட்டி, இதோடயா போயிட்டு வந்தே?” “தெரியலையேங்க.” இருவரும் சிரித்தார்கள். அவளுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்கள். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். காலைப் பார்க்கவில்லை. மனைவியின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் எந்த ஆணுக்கும் இருந்ததில்லை. மூன்றாம் வாரம் வீட்டில் ஏதோ ஒரு வாடை வந்தது. எலி செத்திருக்கிறது என்று அலமாரியை நகர்த்தித் தேடினார். அலமாரிக்குப் பின்னால், அரிசி டின்னுக்கு அடியில், பரணில். இரண்டு நாள் தேடினார். பதினைந்து, பதினான்கு.

“வியாழக்கிழமை ஆஸ்பத்திரில பெட்டுல சேரச் சொல்லியிருக்காக, அண்ணாச்சி,” என்றாள் செண்பகவல்லி. மெதுவாகத்தான் சொன்னாள், சிரிப்பு இல்லை. “விரல எடுக்கணுமாம். ஒண்ணு எடுத்தா போதுமா, ரெண்டான்னு திறந்து பாத்துத்தான் சொல்லுவாகளாம். என்ன கத்திரிக்காயா? அதான் எம்மவன், அங்க டி.வி.யில ஒரு ஆச்சி பேசுதாகம்மா, அவுகளுக்கு நாப்பது நாள்ல சுத்தமா கேட்டுருச்சாம், போய்ப் பாருன்னான். வியாழக்கிழமைய தள்ளிப் போடலாமான்னு இருக்கு. அந்த ஆச்சி இந்த ஊரு தானாமே? இப்ப எப்படி இருக்காக? உங்களுக்குத் தெரியுமா?” அவர் பெட்டியின் எண்ணைப் பார்த்தார். “பேசுவாக, கேளுங்க,” என்றார்.  இன்று செவ்வாய். டாக்டர் சொன்னபடி போனால் ஒன்றோ இரண்டோ விரலோடு போய்விடும். ஆவுடைக்கும் முதலில் ஒரு விரல் போதுமாயிருந்திருக்கும், புளியங்கொட்டை உருண்ட அந்த வெள்ளிக்கிழமை. நிர்மலா சொல்லச் சொன்னதைச் சொன்னால் இவள் வியாழக்கிழமை இங்கே இருப்பாள், நாற்பத்தைந்து வைக்கச் சொல்லுவாள். வேறு மாதிரிச் சொன்னால் அந்த நீலப் பொருள் நிர்மலாவின் கைப்பைக்குள் போகும், டி.வி.யில் வேறு யாராவது வருவார்கள், ஆவுடை இரண்டாம் முறையும் போவாள். ஒன்றும் சொல்லாமல், தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டி உட்கார்ந்துவிடலாம். இவளை மட்டும் படியில் தனியாக நிறுத்தி, வியாழக்கிழமை போய்விடு தாயி என்று சொல்லலாம். அப்படிச் செய்தால் இரண்டும் மிஞ்சும், இந்தக் கால், அந்தக் குரல். ஏன் கூடாது? ஏனென்றால் நாளைக்கு இந்த நாற்காலியில் இன்னொரு கால் இருக்கும். டி.வி. அதையும் பார்த்துச் சொல்லும். அவர் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், மனைவியின் குரலை. ஐம்பத்து மூன்று நாளில் எத்தனை கால்கள் இந்த நாற்காலியில் இருந்தன என்று அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. எண் பதின்மூன்றுக்கு இறங்கியது.

பன்னிரண்டு. டி.வி. ஒருமுறை சிமிட்டியது. பச்சைச் சுங்கடிச் சேலை. மைக்கை வாய்க்கு மிக நெருக்கமாகப் பிடித்திருந்ததால் முதலில் மூச்சுதான் கேட்டது. அந்த மூச்சு. சொற்களை அவர் பல நாளாகக் கேட்பதில்லை. தொடங்குவதற்கு முன் வரும் அந்தச் சின்னக் கனைப்பையும் மூச்சையுமே கேட்பார். அடுக்களையிலிருந்து கூப்பிடுவதற்கு முன் கனைப்பதும் அப்படித்தான். “எம்பேரு ஆவுடையம்மாள். ஊரு கோவில்பட்டி. பத்து வருசமா ரெண்டு பாதமும் தீயா எரிஞ்சுது. இங்க வந்து நாப்பது நாளு ஆச்சு. இப்ப எரிச்சல் இல்ல. வலி இல்ல. ஒண்ணுமே இல்ல.” ‘ஒண்ணுமே’ என்னும்போது அவள் கை சற்று மேலே போகும், வளையல் இறங்கும். பிறகு, கேமராவை மறந்துவிட்டு, இடப்பக்கம் திரும்பி அவரைத் தேடுவாள். “சரியாச் சொன்னேனாங்க?” படத்துக்கு வெளியே ஓர் ஆண்குரல், நிதானமாக, பழக்கப்பட்ட அதிகாரத்தோடு: “ம். சரிதான்.” அவள் முகம் மலரும். அங்கே படம் நிற்கும். கம்பெனிக்காரன் அதை வெட்டாமல் விட்டதற்குக் காரணம் அந்த மலர்ச்சிதான். “எவ்வளவு தெளிவா பேசுதாக பாருங்க,” என்றாள் செண்பகவல்லி. கட்டுப்போட்ட காலைத் தகட்டின்மேல் இன்னும் நன்றாக அழுத்திக்கொண்டாள்.

மீதி நிமிடங்கள் எப்படிப் போயின என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பதிலிருந்து அதுவரை ஒவ்வோர் எண்ணாக அறிந்தவர், சைபரில் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் கூவியபோது திடுக்கிட்டார். காலடியில் குறுகுறுப்பு நின்றதும் தகடு வெறும் தகடாகக் குளிர்ந்தது. “நம்ம ஈ.பி. அப்பா இன்னிக்கு நமக்காகப் பேசப்போறாங்க,” என்று நிர்மலா மைக்கை நீட்டினாள். அவர் எழுந்தார். “என் பெயர் கோமதிநாயகம். ஊர் கோவில்பட்டி. டி.வி.யில் இப்போது பேசினவள் என் மனைவி.” பக்கத்தில் செண்பகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தது தெரிந்தது. “அவள் கடைசி வரைக்கும் வலி என்று சொல்லவில்லை.” நிர்மலா தலையசைத்தாள். “சொல்லாததற்குக் காரணம் கால் செத்துப்போயிருந்தது. குணமாகவில்லை, செத்துப்போயிருந்தது. புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது. காலை எடுத்தார்கள். பதினோராம் நாள் இறந்துபோனாள். மிஷினில் கரண்ட்டு வருகிறது என்று நான் சொன்னேன். வருகிறது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.” நிறுத்தினார். கூடம் கைதட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக, பத்து வரைக்கும். சாட்சியம் முடிந்தால் தட்ட வேண்டும், தட்டினார்கள். சிலர் தட்டிக்கொண்டிருக்கும்போதே முகம் மாறினார்கள், ஆனால் கை நிற்கவில்லை. “அப்பா துக்கத்துல இருக்காங்க,” என்றாள் நிர்மலா மென்மையாக, “ஆளுக்கு ஆள் உடம்பு வேற இல்லையா, அம்மா ரொம்ப லேட்டாத்தான் நம்மகிட்ட வந்தாங்க.” “ஆமா, லேட்டுதான்,” என்று பின்னாலிருந்து சுடலைமணி ஒத்துப் பாடினார். செண்பகவல்லி அவரையும் டி.வி.யையும் மாறி மாறிப் பார்த்தாள். கால் தகட்டைவிட்டு இறங்கவில்லை.

கோமதிநாயகம் மைக்கை நாற்காலியில் வைத்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் அமர்ந்தார். நாற்பது பேர் பார்க்க, அறுபத்தெட்டு வயதில், இட்லிக் கடைக்காரியின் காலடியில். “அண்ணாச்சி, என்ன இது, எந்திரிங்க,” என்று அவள் பதறினாள். “கண்ணை மூடிக்கம்மா,” என்றார். கட்டில்லாத இடக்காலின் குதியை ஒரு கையால் மெல்லத் தூக்கினார். கம்பியைத் தொடுகிறவன் உள்ளங்கையால் தொடமாட்டான், மின்சாரம் இருந்தால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். புறங்கையால்தான் தொட வேண்டும். பழக்கம் விடவில்லை. புறங்கையை அவளுடைய உள்ளங்காலின் நடுவில் வைத்தார். பிறகு அழுத்தினார். தம் கட்டைவிரல் நகத்தால் கீறினார். தோல் வறண்டு, குளிர்ந்து, காகிதம்போல் இருந்தது. ஆவுடையின் பாதமும் இப்படித்தான் இருந்திருக்குமா? தெரியாது. “தொடட்டுமா?” என்று கேட்டார். “தொடுங்க அண்ணாச்சி,” என்றாள் அவள், கண்ணை இறுக மூடிக்கொண்டு. கூடத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. “தொட்டாச்சா?” அவர் நகத்தை இன்னொரு முறை அழுத்தினார். முன்வரிசையில் நிர்மலாவின் தகப்பனார் தம் காலைத் தகட்டிலிருந்து எடுத்து, மடிமேல் போட்டு, விரல்களுக்கு நடுவில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். “இன்னும் தொடலியா?” என்று கேட்டுக்கொண்டே செண்பகவல்லி கண்ணைத் திறந்தாள். தன் காலின்மேல் இருந்த கையைப் பார்த்தாள்.  பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “வியாழக்கிழமை வரைக்கும் இருக்க வேண்டாம்மா,” என்றார் அவர். “இன்னைக்கே போ. மகன வரச் சொல்லு.”

அவள் நொண்டியபடி போன பிறகு, ஒருவர் பின் ஒருவராக எட்டுப் பேர் செருப்புத் தேடிப் போனார்கள், மற்றவர்கள் இருந்தார்கள். சுடலைமணி தம் திருகை நாற்பதிலிருந்து நாற்பத்திரண்டுக்குக் கூட்டினார். நிர்மலா மேசையருகே போய் நீலப் பென்டிரைவை எடுத்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்; பிறகு ரிமோட்டைத் தேடி, மலர்ந்து நின்றிருந்த ஆவுடையின் முகத்தை அணைத்தாள். கண்ணாடி கறுத்தது. அதில் நாற்காலி வரிசைகளும் அவற்றின் நடுவில் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைச் சட்டையும் தெரிந்தன. எழுந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது.  அவர் அந்தக் கறுப்பைப் பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில், “சரியாச் சொன்னேனா, ஆவுடை?” என்றார். அந்தச் சின்னக் கனைப்புக்காகக் காத்திருந்தார். பிறகு நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு தாமாகவே எழுந்தார்.